ஹூடொக்: ஸ்ராஸ்பூர்க் கோர்ட்டின்ர தீர்ப்பெல்லாம் இருக்கிற சைற், நான் பாவிச்ச அளவில

கொஞ்ச மாசமா இந்தச் சைற்றைப் பாவிக்கிறன், வன்னியில கனபேருக்கு வெளிநாட்டில யாராவது கேஸோட நிக்கினம்தானே, அவையளுக்கு உதவும் எண்டு எழுதுறன். ஸ்ராஸ்பூர்க்கில இருக்கிற ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் குடுக்கிற தீர்ப்புகளைப் போட்டு வச்சிருக்கிற இடம்தான் ஹூடொக். காசில்லை, பேர் பதியத் தேவையில்லை, போனிலயே திறக்கும்.

நான் இதுக்குள்ள போனது தம்பியால. சுவிஸில அவன்ர அகதிக் கேஸ் ரிஜெக்ட் ஆன கையோட, இங்க ஒருத்தர் வந்து ஸ்ராஸ்பூர்க்கில கேஸ் போட்டா கட்டாயம் விசா எண்டு சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போயிட்டார், அம்மா காப்பை அடைவு வச்சுக் குடுத்த காசு. பிறகு இருந்து வாசிச்சா அந்தக் கோர்ட் விசா குடுக்கிற இடமே இல்லை. திருப்பி அனுப்பினா சித்திரவதை நடக்கிற ஆபத்து உண்மையா இருக்கோ, ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தில சித்திரவதையைத் தடுக்கிற உறுப்புரை 3 மீறப்படுமோ எண்டுதான் பாக்கும், அதுவும் அந்த நாட்டுக் கோர்ட் எல்லாம் ஏறி முடிச்ச பிறகு, கடைசி முடிவு வந்து 4 மாசத்துக்குள்ள போடோணும். முந்தி 6 மாசம், 2022 பெப்ரவரியில இருந்து 4. அந்த ஆள் இதில ஒண்டையும் அம்மாட்டச் சொல்லேல்லை.

எங்கட ஆக்களின்ர கேஸுகளே அதுக்குள்ள கிடக்குது. 1991இல விலவராஜா கேஸ், பிரித்தானியாவுக்கு எதிரா 5 தமிழர் போட்டது, தோத்துப் போச்சு. 2008 ஜூலையில என்.ஏ. எதிர் பிரித்தானியா (பேரை மறைச்சு எழுத்து மட்டும் போட்ட ஒரு தமிழர்), அது வெண்டது. அதைக் கட்டாயம் முழுசா வாசியுங்கோ. தமிழர் எண்ட ஒரே காரணத்துக்காக எல்லாருக்கும் ஆபத்து எண்டு கோர்ட் சொல்லேல்லை, ஆனா தழும்பு, முந்திப் பிடிபட்ட பதிவு, லண்டன் மாதிரி இடத்தில இருந்து திரும்பிப் போறது, இதெல்லாத்தையும் ஒண்டொண்டாத் தட்டிக் கழிக்காமச் சேர்த்துப் பாக்கோணும் எண்டு சொல்லியிருக்கு. சுவிஸ்காரருக்கு 2017 ஜனவரி 26 தீர்ப்பு முக்கியம், 2013இல திருப்பி அனுப்பின ஒரு தமிழரை இங்க வந்திறங்கின உடன பிடிச்சு வதைச்சதால சுவிஸ் உறுப்புரை 3ஐ மீறிட்டுது எண்டு வந்தது. தம்பியின்ர லோயருக்கு இது தெரியும்தான், ஆனா அவனுக்குத் தெரியாது, தன்ர கேஸில எதைச் சொல்லோணும் எண்டு அவனுக்கும் விளங்கினதுக்கு இதை வாசிச்சதுதான் காரணம்.

குஞ்சம்மா ஒருத்தி இருக்கிறா, 2017 பெப்ரவரியில இருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் நடத்துற போராட்டத்துக்குப் போறவ, மூத்தவனைத் தேடி. எங்கட ஃபைலையும் அங்க போடேலாதே பிள்ளை எண்டு கேட்டா. போடேலாது, ஐரோப்பியப் பேரவையில இருக்கிற 46 நாட்டுக்கு எதிராத்தான் போடலாம், இலங்கை அதில இல்லை. அப்பிடிச் சொல்லிட்டுச் சும்மா இருக்க மனம் வராமத் தேடினன், 1998 மே மாசத் தீர்ப்பு ஒண்டு வந்துது, குர்த் எதிர் துருக்கி. குர்திஷ் கிராமம், மகனை ஆமி சுத்தி நிக்குது, குளிருது எண்டு அவன் சொல்ல தாய் போய் ஜக்கெட்டும் சொக்ஸும் கொண்டுவந்து குடுக்கிறா, அதுக்குப் பிறகு அவனைக் காணவே இல்லை. அந்தத் தாய் பதில் இல்லாம அலைஞ்ச வேதனையே உறுப்புரை 3 மீறல் எண்டு கோர்ட் எழுதியிருக்கு, மகனுக்கு நடந்தது வேற, தாய்க்கு நடந்தது வேற எண்டு பிரிச்சு. நான் வசனம் வசனமாத் தமிழில சொல்ல குஞ்சம்மா ஜக்கெட் இடத்தில நிப்பாட்டச் சொல்லிட்டா. எனக்கும் வாசிக்க ஏலாமப் போச்சு.

இனிக் குறையள். தமிழ் இல்லை, அது பெரிய குறை, இங்கிலீசும் பிரெஞ்சும்தான் முக்கியமா. போனில ஃபில்ற்றர் எல்லாம் நெருக்கி வந்து கை தவறிப் படும், கொம்பியூட்டர் கிடைச்சா நல்லது. மற்றது ஐரோப்பிய ஒன்றியத்தின்ர கோர்ட் வேற, அது லக்சம்பேர்க்கில, 2026 ஜூனில இருந்து நடைமுறைக்கு எண்டு வச்ச புது அகதிச் சட்டங்களும் ஒன்றியத்தின்ர, அதை இங்க தேடாதேங்கோ. 2025 மே மாசம் டென்மார்க், இத்தாலியோட சேர்த்து 9 நாட்டுத் தலைவர்மார் இந்தக் கோர்ட் குடியேற்ற விசயத்தில எல்லை மீறிப்போகுது எண்டு கடிதம் எழுதினவை, அது எனக்குப் பயமா இருக்கு, இருக்கிற ஒரு கதவையும் சாத்தப் பாக்கினம். அதாலதான் பழசை மட்டும் நம்பாமத் திகதி பாத்துப் புதுத் தீர்ப்பும் தேடுங்கோ.

5க்கு 4 குடுப்பன். தேடேக்க நாட்டையும் உறுப்புரை 3ஐயும் தெரிவு செய்து, சிறிலங்கா எண்டு இங்கிலீசில அடியுங்கோ, தோத்த கேஸையும் வாசியுங்கோ, ஏன் தோத்தது எண்டு அதிலதான் விளங்கும். பந்திக்கு இலக்கம் இருக்கும், விளங்காட்டி அந்த இலக்கத்தைக் கீழ எழுதுங்கோ, எனக்குத் தெரிஞ்ச அளவில தமிழில சொல்லுறன்.