பெட்டியா, கப்பலா, பூட்டிய வீடா, உறவுக்காரர் கையா? வெளிநாடு போகும் முன் ஒரு வீட்டைப் பிரிப்பது

நம்ம நெல்லைப் பக்கம் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபோகிற வீடுகளில் விசா கைக்கு வந்ததும் எழுகிற முதல் கேள்வி, இவ்வளவு சாமானையும் என்ன செய்ய என்பதுதான். தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மச்சில் மூன்று தலைமுறைச் சாமான் இருக்கும். கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானைக்குப் பக்கத்திலேயே மூடி தொலைந்த தூக்குவாளி, காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், என்றைக்காவது ஆகும் என்று சுருட்டி வைத்த சணல் கயிறு.

இருக்கிற வழிகள் நான்கு. விமானத்தில் பெட்டியாகக் கொண்டுபோவது, கப்பலில் அனுப்புவது, ஊர் வீட்டில் வைத்துப் பூட்டுவது, யாருக்காவது கொடுத்துவிடுவது. இதில் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிற மூன்றாவது வழிதான் என் பார்வையில் மிக மோசமானது. கடைசியாக நினைத்துப் பார்க்கிற நான்காவது வழியில்தான் ஒரு பொருள் பொருளாகவே பிழைத்திருக்கும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விமானப் பெட்டிக்கு எடைதான் எல்லை. அமெரிக்கா, கனடா பக்கம் சாதாரண வகுப்பில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி என்பது பரவலான கணக்கு. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் 30 கிலோவை ஒட்டி இருக்கும். டிக்கெட்டைப் பொறுத்து இது மாறும், எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் அமெரிக்கா போனால் 184 கிலோ. பெரிதாகத்தான் தெரியும். துணிமணி, செருப்பு, பிள்ளைகளின் புத்தகம், பொடி வகை எல்லாம் போனால் அடுக்களைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் பழகிய இரும்புத் தோசைக்கல்லுக்கு முதல் இடம் கொடுப்பேன். அடி தட்டையாக இருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யும். இட்லித் தட்டு, குக்கருக்கு நாலைந்து உபரி கேஸ்கட், விசில் கட்டாயம் போகட்டும். எடையே கிடையாது, அந்தக் குக்கருக்குப் பொருந்துவது அங்கே தேடினாலும் லேசில் கிடைக்காது. அலுமினியக் குக்கர் சாதாரண இண்டக்‌ஷனில் சூடேறாது. அதனால் எவர்சில்வர் குக்கராக எடுங்கள்.

மிக்ஸியை விட்டுவிடுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுவது தலைவலி. அந்த ஊருக்கென்றே தயாராகும் 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் விலைக்குக் கிடைக்கிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்றால் கவலையில்லை. பிளக்கை மாற்றினால் போதும்.

ஈயச்சொம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ரசத்துக்கு அது இல்லாமல் ஆகாது என்று எல்லா வீட்டிலும் அதைத்தான் முதலில் பெட்டிக்குள் வைப்பார்கள். ஆனால் அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். இங்கே சிறு தீயில், உள்ளே தண்ணீர் இருக்கும்போது மட்டும்தான் வைக்கிறோம். அங்கே பல வாடகை வீடுகளில் இருப்பது கண்ணாடித் தட்டு போட்ட மின்னடுப்பு. சிவந்து தகிக்கிற அந்தத் தட்டில் ரசம் வற்றிய சொம்பு ஒன்று இருந்தால், அடி தொய்ந்து கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். இண்டக்‌ஷனில் சூடே ஏறாது. கொண்டுபோனால் எவர்சில்வரில் ரசத்தைக் கொதிக்கவைத்துச் சொம்பில் ஊற்றி மூடிவைப்பதற்கு மட்டும் என்று முடிவு செய்துகொண்டு கொண்டுபோங்கள். கேஸ் அடுப்பு உள்ள வீடு அமைந்தால் அப்புறம் பார்க்கலாம்.

திருகிக் கழற்றும் குத்துவிளக்கு பெட்டியில் சுலபமாக அடங்கும். மெல்லிய பத்தமடைப் பட்டுப்பாய் மடித்தால் ஒரு சேலை அளவுதான். ஆனால் கோரை தாவரப் பொருள், ஆஸ்திரேலியா போகிறவர்கள் அதை மறைக்காமல் எழுதிக் காட்ட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். கசகசா அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். மசாலாப் பொடியில்கூட அது கலந்திருக்கிறதா என்று அரைத்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கப்பல். தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஆசை சீக்கிரம் வரும். 20 அடி கண்டெய்னரில் ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம் உண்டு. ஒரு வீட்டையே உள்ளே வைக்கலாம். அவ்வளவு தேவையில்லாதவர்கள் பிறரோடு பங்கு போட்டு, கன மீட்டர் கணக்கில் கட்டணம் கட்டலாம். தொல்லை வருவது அந்தக் கட்டணத்தில்தான். முதலில் சொல்கிற தொகை பெரும்பாலும் அந்த ஊர்த் துறைமுகம் வரைக்கும்தான். இறக்குகூலி, சுங்க வேலை, கிடங்கு வாடகை, வீடு வரை வண்டி எல்லாம் அப்புறம் தனியாக வரும். வாசல் வரை மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு பெட்டிகூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலான காப்பீட்டில் பணம் வராது. கொலு பொம்மையை அனுப்பியே தீர வேண்டும் என்றால் கட்டுகிற வேலையையும் அவர்களிடமே விடுங்கள்.

வரிச் சலுகைக்கு நாட்டுக்கு நாடு ஒரு விதி. அமெரிக்காவில் வரியில்லாமல் இறங்க, வீட்டுச் சாமானை நீங்கள் ஒரு வருடமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆறு மாதமாவது உங்களிடம் இருந்திருக்க வேண்டும். கனடா என்றால் பின்னால் வரப்போகும் சாமானின் பட்டியலை முதல்முறை இறங்கும்போதே காட்ட வேண்டும். அதனால் பெட்டி கட்டும்போதே எழுதிவிடுங்கள்.

நிரந்தரமாகக் குடிபோகிறவர்களுக்கு, அங்கே சொந்த வீடு உறுதியானவர்களுக்கு, தேக்குக் கட்டிலும் ஆயிரம் புத்தகமும் வைத்திருப்பவர்களுக்குக் கப்பல் சரி. இரண்டு வருட வேலை அனுமதியில் போகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இனி அந்தப் பூட்டிய வீடு. செலவு இல்லை, உடனே முடிவு எடுக்கவும் வேண்டாம், அதனால்தான் எல்லோரும் இதில் போய் விழுகிறார்கள். ஆனால் ஆள் புழங்காத வீட்டில் கரையானுக்கு ஒரு மழைக்காலம் போதும். மரப்பெட்டியின் அடிப்பலகையில் ஏறினால் மேலே இருக்கும் பட்டுச்சேலை வரைக்கும் போகும். 2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணிக் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆள் இருக்கும் வீட்டிலேயே பத்திரத்தையும் ஆல்பத்தையும் மாடிக்கு ஏற்ற நேரம் கிடைப்பது பாடு. பூட்டிய வீட்டில் யார் ஏற்றுவார்கள்?

ஊரில் இருக்க வேண்டியவை சில உண்டு. கிரயப் பத்திரம், மூலப் பத்திரம் எல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வங்கி லாக்கருக்குப் போகட்டும். லாக்கரை இங்கே இருக்கும் ஒருவரோடு சேர்ந்த பெயரில் எடுங்கள். ஏழு வருடம் யாரும் திறக்காமல், உரியவரையும் கண்டுபிடிக்க முடியாமல் போனால், வாடகை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் வங்கி திறக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, மதிப்பெண் பட்டியல் மூலப்பிரதிகள் உங்களோடு கைப்பையில் வர வேண்டும்.

கடைசி வழி, கொடுப்பது. பழைய பாத்திரக் கடையில் வெண்கலத்துக்கு எடைக்குத்தான் காசு. அதன் வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும் தராசில் மதிப்பில்லை. அதனால் விற்பதை விடக் கொடுப்பதையே சொல்வேன், அதுவும் புழங்குகிற வீடாகப் பார்த்து. ஒரு வீட்டில் மச்சு இறக்கும்போது நான் கேட்ட பேச்சு இது:

“ஏட்டி, இத எதுக்கு வெளிய வைக்க? எங்க அம்மை குடுத்ததுல்லா.”

“தூரப் போடல ஆச்சி. மதினி வீட்டுக்குக் குடுப்போம். அங்கன தை மாசம் இதுலதான் பொங்குவாவ.”

“அப்படின்னா சரி. எம் பேரு வெட்டிருக்கு, அத மட்டும் அழிச்சிரக் கூடாதுன்னு சொல்லிரு.”

பானையின் கழுத்தடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய தலைப்பெழுத்தும் பெயரும் இருந்தன. புளி போட்டுத் தேய்த்ததும் தெளிவாகத் தெரிந்தன.

எல்லா வீட்டிலும் பேச்சு இவ்வளவு சுலபமாக முடியாது. கிழிந்த பையைக்கூட விடமாட்டேன் என்று பரிதவிக்கிற பெரியவர்கள் உண்டு. எதையுமே விட முடியாமல், நடக்க இடமில்லாத அளவுக்குச் சாமான் சேர்ந்துபோவதை 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து அவர் தூங்கும்போது எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். பயம் கூடும், பிடி இன்னும் இறுகும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே பிரிக்கட்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதனால் மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

ஆல்பத்தை மட்டும் அந்த வேலைக்கெல்லாம் முன்னால் எடுங்கள். போனில் படம் எடுப்பது அரை நாள் வேலை. படத்தில் இருப்பவர்கள் யார் யார், எந்த வீட்டுக் கல்யாணம், ஓரத்தில் நிற்கும் பையன் யார் என்று ஆச்சியிடம் கேட்டு அவர் குரலிலேயே பதிவு செய்யத்தான் நேரம் ஆகும். அதை வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சின்னத் திரையில் அவருக்கு முகம் தெரியாது.