பருப்பு வேகாத தண்ணீருக்கு எண்ட்லர் மீன்

கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சொட்டு விட்டுப் பார்க்கிற கிட்டில் ஜிஹெச் (தண்ணீரின் கடினத்தன்மை, டிகிரி கணக்கில்) 15, பிஹெச் 7.8. ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் என்று பெருக்கினால் 270 வருகிறது. குடிநீரில் 200 வரை இருக்கலாம் என்பதுதான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லும் அளவு. இந்தத் தண்ணீரில்தான் என் 2 அடி செடித்தொட்டி ஓடுகிறது. செர்ரி இறால் நன்றாகப் பெருகியிருக்கிறது, வாலிஸ்நேரியா செடி தரையெல்லாம் பரவியிருக்கிறது. அதில் விட ஆண் எண்ட்லர் மீன்கள் வாங்கினேன். அந்த மீனையும் வாங்கிய கடையையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெனிசுவேலாவின் வடகிழக்குப் பகுதி ஏரிகளைச் சேர்ந்த மீன் இது. 1975இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் அங்கே பார்த்துச் சேகரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். அதன் சொந்த ஊரே வெப்பமான, கடினமான தண்ணீர் என்பதால் நம் போர் தண்ணீர் அதற்கு அந்நியமில்லை. சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டபோதும் சுறுசுறுப்பாகவே திரிந்தது. ஆண் மீன் 2.5 சென்டிமீட்டர்தான். ஆரஞ்சும் பச்சையும் கருப்பும் கலந்த அந்த நிறம் செடிகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும்.

இறால் வைத்திருப்பவர்கள் மீனின் சுபாவத்தை விட அதன் வாயைத்தான் பார்க்க வேண்டும். எவ்வளவு சாதுவான மீனாக இருந்தாலும் வாய்க்குள் நுழைகிற இறால் குஞ்சை விடாது. எண்ட்லரும் பிறந்த குஞ்சுகளில் சிலவற்றைப் பிடிக்கும். ஆனால் வாய் சிறியது. கொஞ்சம் வளர்ந்துவிட்ட குஞ்சை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தொட்டியின் ஒரு மூலை முழுக்க ஜாவா பாசியை அடர்த்தியாக விட்டிருக்கிறேன். இறால் எண்ணிக்கை குறையவே இல்லை. பெண் எண்ட்லர் உருவத்தில் பெரியது, மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும், அதனால் ஆண் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

வேறு மீன்களையும் யோசித்துப் பார்க்காமல் இல்லை. கேலக்ஸி ரஸ்போரா மியான்மரின் ஷான் மலைப்பகுதி மீன். காரத்தன்மையுள்ள தண்ணீரைத் தாங்கும், வாயும் குட்டி. ஆனால் குளிர்ச்சி வேண்டும். நம் கோடைக்கு அது பாவம். நியான் டெட்ராவும் போராராஸ் என்ற குட்டி மீன்களும் மென்மையான தண்ணீரில் வாழ்பவை. ஆர்ஓவில் வடிகட்டிய தண்ணீரைக் கலந்து வளர்க்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் அளவு ஏறி இறங்கினால், ஓடு கழற்றி வளர்கிற இறால்தான் முதலில் அடி வாங்கும். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுவதே நல்லது.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் இறாலோடு பட்டாணி பஃபர் என்ற குட்டி மீனை விடலாம் என்றார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அதன் அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. 1949 வரை நம் மாவட்டமும் அந்த சமஸ்தானத்து மண்தான் என்பதால் எனக்கு அந்த மீன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் நத்தையைக் கடித்து நொறுக்குகிற பல் அது. இறாலைக் கொத்திக் கொத்தியே தீர்த்துவிடும். வாய்க்காலில் மேலாக மிதக்கும், தலையில் வெள்ளைப் புள்ளி வைத்த மீனைப் பிடித்து விடுவதும் வேண்டாம். வாய் பெரிது.

நான் வாங்கியது வடசேரிப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கடையில். கடைக்கார அண்ணன் முதலில் கேட்டதே, “போர் தண்ணியா, பைப் தண்ணியா?” என்றுதான். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு முறை போவேன். ஒரு மீன் 40 ரூபாய். அவருடைய தொட்டியில் பைப் தண்ணீர், ஜிஹெச் 4 தான் இருந்தது. அதனால் வீட்டுக்கு வந்ததும் மெல்லிய குழாயால் என் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரம் பழக்கினேன். எல்லாம் பிழைத்தன. ஒரே குறை, எண்ட்லர் என்று எழுதியிருந்த தொட்டியில் கப்பி மீனோடு கலந்த கலப்பு மீன்களும் இருந்தன. வால் அகலமாக விசிறி போல் இருந்தால் அது கலப்பு. நான் நின்று பொறுக்கித்தான் எடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

கடலோரத்து ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்ததையெல்லாம் மொத்தமாக அளக்கிற டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அது கடல் உப்பையும் சேர்த்தே காட்டும். இரண்டு கிணறுகளும் 600 காட்டலாம். ஒன்றில் சுண்ணாம்பு அதிகமாகவும் இன்னொன்றில் உப்பு அதிகமாகவும் இருக்கும். ஜிஹெச்சும் கேஹெச்சும் (கார்பனேட் கடினம்) பார்க்கிற கிட் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்குப் பதிலாக மறுபடியும் போர் தண்ணீரையே ஊற்றினால் கடினம் ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுத்தமான டிரம்மில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரை இதற்கு ஊற்றலாம். செடி உரமும் மீன் மருந்தும் வாங்கும்போது தாமிரம் இருக்கிறதா என்று பாருங்கள், இறாலுக்கு அது நஞ்சு.

மீனுக்கு 5க்கு 5, கடைக்கு 4. லோடு வந்த அன்றே வாங்காமல், கடையில் ஒரு வாரம் இருந்து தீனி எடுக்கிற மீனாகக் கேட்டு வாங்குங்கள்.