மிஃராஜ் ஓவியம்: ஹெராத்தா, தப்ரீஸா?

நபிகளோட விண்ணேற்றத்தை, அதாவது மிஃராஜை, வரைஞ்சதுல ரெண்டு ரொம்ப பேர்போனது. ஒண்ணு 1436 வாக்குல ஹெராத்ல (இப்ப ஆப்கானிஸ்தான்), தைமூர் வம்சத்து ஷாருக் ஆட்சியில உருவான மிஃராஜ்நாமாங்கற ஓவிய நூல், சகதாய் துருக்கிய மொழி, அதுவும் உய்குர் எழுத்துல, இப்ப பாரிஸ் தேசிய நூலகத்துல இருக்கு. இன்னொண்ணு 1540 ஒட்டி ஈரானோட தப்ரீஸ்ல, மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக செஞ்ச கம்சா பிரதியில (பாரசீகக் கவிஞர் நிஜாமியோட அஞ்சு காவியத் தொகுப்பு) வர்ற ஒரே ஒரு பக்கம், சுல்தான் முஹம்மத் வரைஞ்சதுன்னு சொல்றாங்க, அது லண்டன்ல.

அழகுன்னா தப்ரீஸ்தான், சுருண்டு சுருண்டு போற மேகம், ஆழ்ந்த நீல வானம், நபிகள் ஏறிப் போற புராக்குங்கற வாகனத்தை சுத்தி தட்டேந்தி வர்ற வானவர்கள், அப்படியே மயக்கிடும். அதுல நபிகள் முகத்துக்கு திரை, ஹெராத்ல திரை இல்ல. ஆனா பயணம்னு பாத்தா எனக்கு மனசு ஒட்டுனது ஹெராத்துதான், ஜெருசலேம் தொழுகை, வானத்துக்கு வானம் முந்தைய நபிமார்களோட சந்திப்பு, சொர்க்கத்துத் தோட்டம், கன்னங்கரேல்னு நரகம்னு பக்கம் பக்கமா நம்மளையும் கூடவே கூட்டிட்டுப் போகுது.