டிரெய்லர் வீல் பேரிங்: கழற்றிக் கிரீஸ் வைப்பதா, கன்னில் அடிப்பதா?

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. போன தை மாதம் தாளவாடியில் இருந்து இறங்கும்போது, ஜீப்புக்குப் பின்னால் வந்த என் கேம்பிங் டிரெய்லர் பிரேக் போட்டபோதெல்லாம் இடது பக்கமாக இழுத்தது. பண்ணாரியில் நிறுத்திப் பார்த்தால், வலது சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்து டயர் வரை வந்திருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்புதான் ஒரு பட்டறையில் காற்றில் இயங்கும் கிரீஸ் கன்னை வைத்து, கிரீஸ் உள்ளே போகும் சின்ன முனையான நிப்பிளில் அடித்துக் கொடுத்தார்கள்.

சங்ககிரியில் லாரி வேலை பார்த்துப் பழகிய மெக்கானிக் அண்ணன் டிரம்மைக் கழற்றி, கிரீஸ் பின்பக்கம் கசியாமல் தடுக்கும் வளையமான சீலைக் காட்டினார். "பாருங்க, சீல் ஒதடு வெளிய மடிஞ்சு கெடக்குதுங்க. அத்தன அழுத்தம் தாங்கலீங்க." பிரேக் ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங் கறுத்துப்போய், விரல் வைத்தால் வழவழவென்று இருந்தது. லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால் கழுவினாலும் போகாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடியும் இழுக்கும் என்பதால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று.

நிப்பிள் முறையைக் குறை சொல்வதற்கில்லை. ஆக்சில் தண்டின் நடுவில் துளை போட்ட வகையில், கிரீஸ் தண்டுக்குள்ளேயே போய் உள் பேரிங்குக்கும் பின் சீலுக்கும் நடுவே வெளிவந்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை நிரப்பி முன்பக்கம் திரும்ப வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே, கைக் கன்னால் மெதுவாக அடித்தால் அப்படித்தான் வரும். சக்கரம் நிற்கும்போது வேகமாக அடித்தால், முன்னே வருவதற்குப் பதில் சீலைத் தள்ளிக்கொண்டு நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். எலக்ட்ரிக் பிரேக் என்றால் இன்னும் மோசம். அதில் காந்தம் டிரம் முகத்தில் உரசித்தான் ஷூவை விரிக்கிறது. அங்கே கிரீஸ் பட்டால் அந்தப் பிடியும் வழுக்கும்.

நம் ஊரில் கரும்பும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றில் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. கொஞ்சம் கசிந்தாலும் மண் ஒட்டும், அவ்வளவுதான். பட்டறைக்காரர்களின் கை அதற்குப் பழகியது. பிரேக் உள்ள டிரெய்லரையும் அதே கையால் தொடுவதுதான் சிக்கல்.

ஹப்பின் முனையில் ஸ்பிரிங் வைத்த மூடி போட்டு, உள்ளே கிரீஸை அழுத்தத்திலேயே வைப்பது இன்னொரு வழி. படகு டிரெய்லர் தண்ணீருக்குள் இறங்கும்போது ஹப்புக்குள் தண்ணீர் புகாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. மலை ஏறி இறங்கும் நமக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

என் ஓட்டு கழற்றி வைப்பதற்குத்தான். ஒரு சக்கரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் பேரிங் உருளையில் புள்ளி விழுந்திருக்கிறதா, சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் எவ்வளவு மிச்சம் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும். கன்னில் அடித்தால் இதில் ஒன்றும் தெரியாது. பேரிங்கை டீசலில் கழுவி, திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஏர் அடித்துச் சுழற்ற வேண்டாம். உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் கிரீஸ் புழு மாதிரி எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள். அப்புறம் திருப்பித் திருப்பிச் சுற்று முழுவதும். சேசிஸ் கிரீஸ் வேண்டாம், வீல் பேரிங் கிரீஸ் என்றே கேட்டு வாங்குங்கள். பழையதோடு வேறு வகையைக் கலக்கக் கூடாது.

சீல் ஒவ்வொரு முறையும் புதியது. லைனிங் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. தட்டையான மரக்கட்டை வைத்துச் சமமாகத் தட்டுங்கள். டிரம்மை மாட்டும் முன் கையைக் கழுவிவிட்டு, உள்பக்கத்தை பிரேக் கிளீனரால் துடையுங்கள்; கிரீஸ் கையோடு லைனிங்கைத் தொடவே கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னை மாட்டுங்கள்.

டிரெய்லர் ஆக்சில் செய்யும் டெக்ஸ்டர் நிறுவனம் 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கச் சொல்கிறது; நம் கணக்கில் சுமார் 19,000 கிலோமீட்டர். நான் கோடைக்கு முன் வருடம் ஒருமுறை கழற்றுகிறேன். மாட்டிய பிறகு சத்தியமங்கலத்தில் இருந்து பண்ணாரி வரை மெதுவாக ஓட்டி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்க்கிறேன். ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கேயே ஜாக்கி போட்டு நட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மலை ஏறுகிறேன்.