வடசென்னை குப்பை வண்டி: வாசல்வரை சரி, அதற்கப்புறம்?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் வீடு வீடாக வரும் பேட்டரி வண்டிச் சேவைக்கு மதிப்பெண் போடச் சொன்னால், வாசலில் நடப்பதற்கு 5க்கு 4 தாராளமாகப் போடலாம். பாட்டுச் சத்தம் கேட்டதும் கூடையோடு இறங்கினால் வேலை முடிந்தது. லாரி நுழையவே முடியாத சந்துக்குள்ளும் இந்த வண்டி வளைந்து வந்துவிடும். அது தெருமுனை திரும்பிய பிறகு நடப்பதற்குத்தான் இரண்டரைக்கு மேல் போட மனம் வரவில்லை.

வண்டியில் பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. 2016 திடக்கழிவு விதிகள் இவற்றோடு மூன்றாவதாக வீட்டு அபாயக் கழிவையும் தனியாகக் கேட்டன: பேட்டரி, டியூப்லைட், பெயின்ட் டப்பா, காலாவதி மாத்திரை. நாப்கினும் டயப்பரும் செய்தித்தாளில் சுற்றி, வெளியே தெரிகிற மாதிரி அடையாளம் போட்டுத் தனியாகத் தரவேண்டியவை. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 2 கிலோ சேரும். அதில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. மொத்தச் சிக்கலும் அந்த ஈரத்தில்தான் இருக்கிறது.

பேட்டரி வண்டியின் கொள்ளளவு சின்னது. சில தெரு முடிந்ததும் நிரம்பிவிடும். குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் பெரிய வண்டிக்கு மாற்றியாக வேண்டும். சங்கிலி அறுவது இங்கேதான். ஈரத்துக்கும் உலர்வுக்கும் தனித்தனி லாரி ஒரே நேரத்தில் வந்து நின்றால் பிழைத்தோம். ஒன்றுதான் நிற்கிறது என்றால் இரண்டு தொட்டியும் அதிலேயே கவிழும். குப்பையை அழுத்தி அடைக்கும் காம்பாக்டர் லாரியின் தகடு ஹைட்ராலிக் அழுத்தத்தில் தள்ளும்போது சாம்பாரும் மோரும் பிழிந்து அட்டையில் இறங்கும். எண்ணெயும் குழம்பும் ஊறிய அட்டையைக் காகித ஆலை எடுக்காது. காலையில் வீட்டில் பிரித்த உழைப்பு அந்தப் பத்து நொடியில் போச்சு. ‘எல்லாம் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள், நான் எதுக்குப் பிரிக்கணும்’ என்ற பேச்சு பிறப்பதும் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான்.

கலக்காமல் போய்ச் சேர்ந்த ஈரக் குப்பைக்கு நல்ல கதி உண்டு. ஒரு வழி, நுண் உரக்கூடம். முதலில் கையால் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள். பிறகு அரைத்து, காற்றோட்டத் துளை விட்ட தொட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே சாணிக் கரைசலோ நுண்ணுயிர்க் கரைசலோ தெளிப்பார்கள். உள்ளே சூடு 55 டிகிரியைத் தாண்டினால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் 40, 45 நாளில் மக்கும். பிறகு 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். 100 கிலோ போட்டால் 15 முதல் 20 கிலோ உரம் தேறும். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம்; ஒரு பிடி அள்ளி இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு எட்டிப் பார்க்கணும், அவ்வளவுதான். ஒழுகினால் காற்று போகும் இடமெல்லாம் தண்ணீர் அடைத்துவிட்டது, இனி அழுகல் நாற்றம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல தொட்டிகள் இப்படித்தான் கெடும். காய்ந்த இலைச் சருகோ மரத்தூளோ கலந்து கிளறினால் திரும்பிவிடும்.

இந்தக் கூடங்களின் பெரிய எதிரி முடிச்சுப் போட்ட கேரி பேக். உள்ளே இருப்பது சுத்தமான காய்கறித் தோலாகவே இருக்கட்டும். அவிழ்க்காமல் உள்ளே போனால் காற்றே படாது. 45 நாள் கழித்துத் திறந்தால் அதே தோல், கறுத்து, கொழகொழவென்று இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாத தூய்மைப் பணியாளர் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்ப்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். காசிமேட்டு மீனின் செதிலும் இறால் ஓடும் செய்தித்தாளில் வந்தால் தாளோடு சேர்ந்தே மக்கிவிடும். இளநீர் மட்டையை மட்டும் ஈரத்தில் சேர்க்காதீர்கள், அதன் நார் அரைக்கும் எந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும். ஈரக் குப்பைக்கு இன்னொரு வழி, மாதவரத்தில் இருப்பதுபோன்ற உயிரி எரிவாயு நிலையம்; பையும் மட்டையும் கலக்கக் கூடாது என்ற இதே நிபந்தனைதான் அதற்கும்.

உலர் குப்பையில் இந்தச் சேவையைவிடத் தெருமுனைக் காயலான் கடை எவ்வளவோ மேல். அதற்கு நாலரை. எடை போடும்போதே தரம் பிரித்துவிடுவார்கள்: பால் கவர் தனி, பெட் பாட்டில் தனி, பக்கெட் உடைசல் தனி. சந்தேகம் வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தெரியும். பக்கெட், பால் கவர் வகை மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போனால்தான் விலை. உள்ளே வெள்ளி நிறம் மின்னும் சிப்ஸ் கவரை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடப்பதால் பிரித்து உருக்க வழியில்லை, சிமெண்ட் ஆலை உலைதான் அதற்குக் கதி.

எதற்கும் ஆகாதது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகும். சுமார் 350 ஏக்கர் கிடங்கில் 252 ஏக்கரின் பழைய குப்பையை, 66 லட்சம் டன்னுக்கு மேல், பயோமைனிங் முறையில் அகற்றும் திட்டம் சுமார் 640 கோடி ரூபாய். மேட்டை வெட்டி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிக் காயவைத்து, சுழல் சல்லடையில் மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்கிறார்கள். மழை பெய்தால் மண் பிளாஸ்டிக்கோடு அப்பிக்கொள்ளும், சல்லடைக் கண் அடைக்கும். அந்தப் பக்கம் அள்ள அள்ள இந்தப் பக்கம் புதுக் குப்பை வந்து இறங்கினால் மேடு எப்போது குறையும்?

எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனைக்கு இங்குள்ள மக்கள் எதிர்ப்பு தெரிவித்ததில் புகைப் பயத்தோடு கணக்கும் ஒன்று உண்டு. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். பாதி ஈரமான குப்பை தன்னை உலர்த்திக்கொள்ளவே கணிசமான சூட்டைத் தின்றுவிடும்.

சேவையிடமிருந்து முழுப் பலன் வேண்டுமானால் ஈரக் குப்பைக்கு மூடி போட்ட வாளி, அடியில் ஒரு செய்தித்தாள், பை வேண்டாம். குழம்பு, கஞ்சியைச் சல்லடைக் கிண்ணத்தில் வடித்துவிட்டுக் கொட்டுங்கள். இரண்டு தொட்டியும் ஒரே லாரியில் கவிழ்வதைப் பார்த்தால் நேரமும் இடமும் குறித்து மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லலாம், படம் இருந்தால் அதன் ‘நம்ம சென்னை’ செயலியில் ஏற்றலாம். கட்டட இடிபாட்டுக்குத் தனி ஏற்பாடு உண்டு, இந்த வண்டியில் திணிக்கக் கூடாது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் குப்பையையும் தனிச் சாக்கில் கட்டிக் கொடுங்கள். அது கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு நிலையத்துக்குப் போகவேண்டிய சரக்கு.