மின்புலமா, காந்தப்புலமா?

மின்சார வயரைச் சுற்றி உருவாகும் இந்த இரண்டில், உடல்நலத்துக்காக எதைக் கவனிக்க வேண்டும்? கருவியின் சுவிட்சை அணைத்தாலும் பிளக்கில் செருகிய வயரைச் சுற்றி மின்புலம் இருக்கும். காந்தப்புலம் அப்படியல்ல, மின்னோட்டம் ஓடினால்தான் உண்டு. மின்புலத்தைச் சுவரே பெருமளவு தடுத்துவிடும். மிஞ்சியது பெரும்பாலும் உடலின் மேற்பரப்போடு நின்றுவிடும். அதிகமானால் தோல் மயிர் சிலிர்க்கும், அவ்வளவுதான்.

காந்தப்புலம் சுவரையும் உடலையும் ஊடுருவும். உள்ளே சிறு மின்னோட்டங்களைத் தூண்டும். மிக வலுவாக, 20 ஹெர்ட்ஸ் அளவில் (நொடிக்கு 20 முறை) மாறினால் கண்ணில் ஒளிப்பொட்டுகள்கூடத் தெரியும்! 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தைத்தான் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புல அளவின் அலகு) மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலாகத் தென்பட்டதே காரணம். ஆனால் விலங்குச் சோதனைகள் அதற்குத் துணைநிற்கவில்லை. சரி, கவனிக்க வேண்டியது எது என்றால், காந்தப்புலம்தான். நல்லவேளை, தள்ளி நின்றால் அதுவும் சட்டென்று குறைந்துவிடும்.