தரையில் உட்கார்ந்து எழும் வேலைக்கு எந்த உடை? ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையின் பதினோரு ஆண்டு அனுபவம்

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுக்கு அருகில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 2014 முதல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பணியில் சேர்ந்தபோது அம்மா ஆறு சேலைகள் வாங்கித் தந்தார்: இரண்டு பூனம் (பாலியஸ்டர் சேலை), இரண்டு ஜார்ஜெட், ஒரு மென்பருத்தி, ஒரு செட்டிநாட்டுக் கண்டாங்கி. அவற்றில் கண்டாங்கி ஒன்றுதான் இன்றும் உடுத்தும் நிலையில் இருக்கிறது. மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்பதை எழுதினால், புதிதாகப் பணிக்கு வரும் ஆசிரியைகள் முதல் மாதச் சம்பளத்தை வீணாக்காமல் இருக்க உதவும் என்று நினைக்கிறேன்.

பூனம் சேலைகள் முதலில் மிகவும் பிடித்திருந்தன. இரவில் துவைத்தால் காலையில் காய்ந்துவிடும், இஸ்திரி தேவையில்லை, நெரிசலான டவுன் பஸ்ஸில் நின்று வந்தாலும் மடிப்புக் கலையாது. ஆனால் மார்ச் மாதம் பிறந்து, தகரக் கூரைக்கு வெயில் இறங்கத் தொடங்கியதும் அதன் உண்மைக் குணம் தெரிந்தது. பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும்; பாலியஸ்டர் நூல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், பதினொரு மணிக்கெல்லாம் துணி முதுகோடும் காலோடும் ஒட்டிக்கொள்ளும். வாரம் முழுக்க உடுத்தும் உடைக்கு இது சிறிய குறையன்று. ஜார்ஜெட் வேறு விதத்தில் தோற்றது. குனிந்து ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கும்போதெல்லாம் முந்தானை தோளிலிருந்து நழுவும். புத்தகப் பையின் ஜிப்பிலும் பெஞ்சின் ஆணியிலும் மாட்டி இழை இழையாக இழுபடும். ஓராண்டுக்குள் இரண்டும் திரைச்சீலை ஆயின.

கடைக்காரர் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டும் அழகு எங்கள் வேலைக்குப் பாதிதான் பொருந்தும். செயல்வழிக் கற்றல் காலத்திலிருந்தே நாங்கள் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக உட்கார்ந்து பழகியவர்கள். 2022-இல் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத் தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்த பிறகு, ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை உட்கார்ந்து எழுகிறோம். ஆகவே இப்போது நான் எந்த உடையை வாங்கினாலும் வீட்டில் ஒரு சோதனை வைத்துக்கொள்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுகிறேன். கரும்பலகையின் மேல் விளிம்பு வரை கையை உயர்த்துகிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்குகிறேன், அது அழுகிற பிள்ளைக்குப் பதில். இந்த மூன்றிலும் எங்கேயும் இழுக்காமல், ஏறாமல், மிதிபடாமல் இருக்கும் உடையைத்தான் பள்ளிக்கு எடுத்துச் செல்கிறேன். சேலையாக இருந்தால் கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை மேலே கட்டுவது அவசியம். தரையிலிருந்து எழும்போது கொசுவத்தை மிதித்து விழுந்த அனுபவம் எனக்கு இருமுறை உண்டு, இரண்டாவது முறை வட்டாரக் கல்வி அலுவலர் பார்வையிட வந்திருந்த நாள்.

பருத்திச் சேலையிலும் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. நூலின் கவுன்ட் எண் கூடக் கூட நூல் மெல்லிதாகும் என்பதை நான் கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடியில் வாங்கப் போனபோதுதான் கற்றுக்கொண்டேன். நூறுக்கு மேற்பட்ட கவுன்ட் சேலை கையில் பூப்போல இருக்கும். ஆனால் உள்பாவாடை தெரியும், முழங்கால் படும் இடத்தில் இரண்டே ஆண்டில் நைந்துவிடும். அம்மா தந்த மென்பருத்திக்கு நேர்ந்தது இதுதான். எண்பது கவுன்ட் அளவில் இருப்பவை எனக்கு ஐந்தாறு ஆண்டு உழைத்திருக்கின்றன. கண்டாங்கி இன்னும் கனமானது. பெரிய கட்டங்களும் அடர்ந்த அரக்கு நிறமும் சாக்பீஸ் தூளைத் தவிர எல்லாக் கறையையும் மறைத்துவிடும். அதன் குறை, நனைந்தால் தூக்கிப் பிழிவதற்கு ஆள் வேண்டும் என்பதே. இளம்பிள்ளையில் வாங்கிய ஒரு பட்டுப் பருத்திச் சேலையையும் ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்தேன். ஆண்டு விழாவுக்கு மிக அழகு, அன்றாடத்துக்கு ஆகாது. முந்தானைச் சரிகை, தோளில் சாய்ந்து தூங்கிய ஒரு பையனின் கன்னத்தில் கோடு போட்டுவிட்டது.

கஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சேலையில் வரும் மிடுக்கு வேறெதிலும் வராது. ஆனால் பள்ளிகள் மூடப்பட்ட 2020 மார்ச்சில் அப்படியே மடித்துப் பீரோவில் வைத்தவற்றை, தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்த 2021 நவம்பரில் எடுத்தபோது, நான்கில் மூன்றை இராமபாணப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. அந்தப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. இப்போது கோடை விடுமுறைக்கு முன் கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே வைக்கிறேன்.

2022 ஜூனில் முதல் தடவையாகச் சுடிதார் அணிந்து பள்ளிக்குச் சென்றேன். தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் வந்த உடை ஆணையிலேயே சேலையோடு சல்வார் கமீசும் துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் இடம் பெற்றிருந்தன. இருந்தும் எங்கள் பக்கத்து ஊர்களில் 'டீச்சர் என்றால் சேலை' என்ற எண்ணம் இறுகியிருந்தது. மூத்த ஆசிரியை ஒருவர் "என்னம்மா, லீவு நாள்னு நெனச்சுட்டியா?" என்று கேட்டார். பிள்ளைகள்தாம் பிரச்சினையை முடித்து வைத்தார்கள்: அன்று மதியம் நொண்டி ஆட்டத்தில் நானும் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு அதே மூத்த ஆசிரியை என்னிடமே தையற்காரர் முகவரி வாங்கிக்கொண்டார்.

குர்தியில் நான் தவறு செய்து கற்றவை அதிகம். பக்க வெட்டு இடுப்பு வரை ஏறியிருந்தால் தரையில் உட்காரும்போது ஒரு கை எப்போதும் அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே வெட்டைத் தொடையின் நடுவரை கீழே இறக்கித் தைக்கச் சொல்கிறேன். நீளம் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. ரேயான் துணி தொங்கும் அழகுக்காக இரண்டு வாங்கினேன். பத்துத் துவைப்புக்குள் நிறம் மங்கி, அக்குளில் இழை பிரிந்தது. லெக்கின்ஸ் முழங்காலில் பை போலத் தொங்கிவிடுவதோடு கோடையில் தாங்க முடியாது. இடுப்பில் பாதி எலாஸ்டிக், பாதி நாடா வைத்த நேரான பருத்திப் பேன்ட் நான்காம் ஆண்டாக உழைக்கிறது. ரவிக்கைக்கு டூ பை டூ துணியும், சுடிதாருக்கு உள்துணியும் எடுத்தால், தைக்கக் கொடுக்கும் முன் ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் கரும்பலகையை எட்டும்போது அக்குள் கிழியும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது பை, அதாவது பாக்கெட். ஒன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் ஒரு நாளில் சேரும் பொருள்கள்: இரண்டு சாக்பீஸ் துண்டு, பென்சில் துருவி, யாரோ ஒருத்தியின் கிளிப், பறிமுதல் செய்த கோலிக்குண்டு, மூன்று புளியங்கொட்டை, "பத்திரமா வையுங்க டீச்சர்" என்று கையில் திணிக்கப்பட்ட பால்பல். கடையில் கிடைக்கும் குர்திகளின் பாக்கெட் நான்கு விரல் ஆழம். உட்கார்ந்தால் எல்லாம் உருண்டுவிடும். நான் தையற்காரரிடம் ஒரு சாண் ஆழத்துக்கு, காடாத் துணியில் வைக்கச் சொல்கிறேன். சேலை நாட்களுக்கு ரவிக்கைத் துணியின் மிச்சத்தில் ஒரு சுருக்குப் பை. எங்கள் ஆயா வெற்றிலைக்கு வைத்திருந்த அதே வடிவம். இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது, சேலையின் நிறத்தோடு பொருந்தினால் தெரிந்தாலும் அழகுதான்.

கறைகளுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்த பிறகு, பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே உடையில் சாம்பார் பட்டுவிடுகிறது. மஞ்சள் கறையில் சோப்புப் போட்டவுடன் அது சிவப்பாக மாறுவதைக் கண்டு பதறத் தேவையில்லை; அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் இரண்டு மூன்று நாளில் வெளிறிவிடும். சத்துணவு முட்டை, விழுந்து அடிபட்ட முழங்காலின் இரத்தம் இரண்டையும் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். மெழுகுக் கிரேயானைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலும் கீழும் வெள்ளைத் தாள் வைத்து இஸ்திரி போட்டால் மெழுகு தாளில் ஏறிவிடும். மார்க்கர் மைக்குக் கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் பெரும்பகுதி போய்விடும். எனக்கு இன்றுவரை பிடிபடாதது மாங்காய்ப் பால். ஏப்ரலில் எங்கள் பக்கம் பிள்ளைகளின் சட்டைப் பையில் மாங்காய் இல்லாத நாளே கிடையாது. அந்தப் பால் பட்ட இடம் முதலில் ஒன்றும் தெரியாது, இரண்டாம் துவைப்பில் பழுப்பாக எழுந்து நிற்கும். ஒரு வெளிர்நீலக் குர்தியை இப்படி இழந்தேன். அந்த மாதத்தில் அடர்நிறப் பூப்போட்ட துணிகளைத் தவிர வேறெதையும் இப்போது அணிவதில்லை.

ஊக்கு அபாயமானது, பிள்ளையைத் தூக்கும் வேகத்தில் திறந்துகொள்ளும். மூடி உள்ள ஊக்கைத் துணிக்கு உட்புறமாகக் குத்துகிறேன். ஜிமிக்கியை ஒரு குழந்தை இழுத்த அன்றே தோட்டுக்கு மாறிவிட்டேன். கண்ணாடி வளையலும் வேண்டாம். கொலுசு உங்கள் விருப்பம், ஆனால் நீங்கள் வருவது முழு வகுப்புக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் அழகுக்கு இடமிருக்குமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். பிள்ளைகளைப் போல உடையைக் கவனிப்பவர் யாருமில்லை. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்த சேலை கட்டிப் போனால், "டீச்சர் இன்னிக்கு சாமந்திப்பூ" என்று வாசலிலேயே தீர்ப்பு வந்துவிடும். சாம்பல் நிறத்துக்கு இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. நிறங்கள் சொல்லித் தரும் வாரத்தில் நான் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வரிசையாக அணிகிறேன். அட்டைகளைவிட அது நன்றாக வேலை செய்கிறது. உடைக்கு உடை வேறு ரவிக்கை வாங்காமல், கறுப்பு, அரக்கு, இலைப்பச்சை என்று மூன்றை நன்றாகத் தைத்து வைத்து ஒன்பது சேலைக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

இப்போது நான்கு மாதமாக ஒரு கதர்க் குர்தி சோதனையில் இருக்கிறது. விலை என் மற்றக் குர்திகளைப்போல் இரண்டு மடங்கு. துணி கரடுமுரடாகத் தொடங்கி ஒவ்வொரு துவைப்புக்கும் மென்மையாகி வருகிறது. ஆனால் முதல் மூன்று துவைப்பில் நீலச்சாயம் வாளி முழுக்க இறங்கியது, கூடப் போட்ட துப்பட்டாவும் நீலமாயிற்று. மாங்காய்ப் பருவம் கழிந்த பிறகுதான் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.